மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிய டீசல் கார்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, கல்லூரி நாட்களைப் பற்றி எழுதும்படியே கேட்டனர். அந்நாட்களைப் பற்றி எழுதவல்ல பெரியோர் பலர் உளர், அவர்கள் எழுதுவார்கள். நானோ கல்லூரியை விட்ட மறு ஆண்டே கையில் கிறீஸ் பூசிக்கொண்டவன். நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் மோட்டார் வாகனங்களின் அடியிற் படுத்து வயிறு வளர்த்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த விஷயத்தையே எழுதத் துணிந்தேன். பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் தேநீர் வேளையில் என்னைத் தனியே அழைத்து, "அண்ணன், பழைய டீசல் கார் ஒன்று வந்திருக்கிறது, வாங்கலாமா?" என்று வினவாத அன்பர்கள் மிகச் சிலரே. அவ்வினாவுக்குரிய விடையை ஒருமுறை அச்சேற்றிவிட்டால், இனியாவது தேநீரைச் சூடாகக் குடிக்கலாம் என்ற சுயநலமும் இதில் உண்டு.

இவ்வினா அண்மைக் காலத்தில் பெருகியதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்கள் மீண்டும் இறங்குவதற்கு 2025 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட காலத்தில், வீட்டு முற்றத்தில் மழையில் நனைந்து கிடந்த கார்களெல்லாம் பொன்னாயின. இருபது ஆண்டு ஓட்டியவர் தாம் கொடுத்த விலையைக் காட்டிலும் கூடிய விலைக்கு விற்றார். நடுத்தரக் குடும்பத்தவனுக்கு எட்டியவை இரண்டு மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிய கார்களே. அவற்றுள்ளும் டீசல் கார் ஒரு லீற்றரில் கூடிய தூரம் ஓடும் என்பதால் அதையே பலர் நாடினர்.

மூன்று இலட்சம் என்ற எண்ணைக் கேட்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. நமது கல்லூரிப் பௌதிக வகுப்பில், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் ஏன் சுடுகிறது என்று ஆசிரியர் கேட்டது நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். காற்றை விரைந்து அமுக்கினால் அது சூடேறும். அந்தச் சூட்டினாலேயே எரிபொருளைப் பற்றவைக்கலாம் என்பதே ருடோல்ப் டீசல் கண்ட உபாயம். 1893இல் அவர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1897இல் ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் அவருடைய எஞ்சின் செவ்வையாக ஓடிக் காட்டியது. பெற்றோல் எஞ்சினில் காற்று ஒன்பது பத்து மடங்கு அமுக்கப்படும். பழைய ஜப்பானிய டீசல் எஞ்சின்களிலோ இருபது மடங்குக்கு மேல் அமுக்கப்படும். அவ்வழுத்தத்தைத் தாங்குவதற்காக அதன் உறுப்புகள் யாவும் கனமாக வார்க்கப்படுகின்றன. அதனாலேயே அது நீண்ட காலம் வாழ்கிறது. கிறீஸ் நாட்டு வாடகைக் கார்ச் சாரதி கிரெகோரியோஸ் சச்சினிடிஸ் என்பவர் 1981இல் பழைய மேர்சிடிஸ் 240 டீ கார் ஒன்றை வாங்கினார். வாங்கும்போதே அது 220,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. எஞ்சின்களை மாற்றி மாற்றிப் பூட்டி, 2004இல் அதை மேர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்கு ஒப்படைத்தபோது 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடியிருந்தது. நம்மவர் அஞ்சும் மூன்று இலட்சம் அவருக்குத் தொடக்கம்.

ஆயினும் அமுக்கத்திலே வாழும் எஞ்சின், அமுக்கம் கசிந்தால் வாழாது. எஞ்சின் வாழ்ந்தாலும், நமது கடற்கரை மாவட்டத்தில் அதைச் சுமக்கும் இரும்பு முந்திக்கொண்டு மாண்டுவிடும். இவ்விரண்டையும் நான் சென்ற சில ஆண்டுகளில் பார்த்த கார்களுள் ஒன்றைக்கொண்டே சொல்லுவது நன்று.

கிண்ணியாவை அடுத்து, உப்புநீர்க் களப்பின் கரையில் உள்ளது குறிஞ்சாக்கேணி. அங்கே பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் கட்டும் வேலை 2021இல் தொடங்கியமையால், மக்கள் இழுவைப் படகில் ஏறி அக்கரை சேர்ந்தனர். அவ்வாண்டு நவம்பர் 23ஆந் திகதி காலையில் அப்படகு கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். அதைப் பற்றி இங்கே விரித்தெழுத என் பேனாவுக்கு வலுவில்லை. உயர்தர வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்த நண்பர் ஒருவர் அவ்வூரவர். அவருடைய மகன் 2022 தை மாதம் என் வீட்டுக்கு வந்தான்.

"வாப்பா உங்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வரச் சொன்னார், மாமா. இனிப் பிள்ளைகளைத் தண்ணீரில் ஏற்ற எனக்கு மனம் வராது. சுற்றுவழியால் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு கார் வாங்கப்போகிறேன்" என்றான்.

அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிச்செல்வதாகப் பேச்சு. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். மனைவியின் நகையும் பெரும்போக நெல்லை நம்பி வாங்கிய கடனும் என்றான். அந்தப் பணத்தில் ஒருமுறைதான் கார் வாங்கலாம். பிழைத்தால் மறுமுறை இல்லை.

அவன் இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருந்தான். முதலாவது, நகரில் வாகனம் விற்பவர் ஒருவரிடம் இருந்தது. புதுமணப்பெண் போலப் பளபளத்தது. தூரங்காட்டியில் தொண்ணூற்றாறாயிரம் கிலோமீற்றர் என்றிருந்தது. இருபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட கார். கணக்குப் போட்டால் ஆண்டொன்றுக்கு நாலாயிரத்துக்கும் குறைவு. அவ்வளவு குறைவாக ஓடுபவன் டீசல் கார் வாங்குவதேன்? பிறேக் மிதியின் ரப்பரைப் பார்த்தேன், புத்தம் புதியது. அதைச் சற்றுத் தூக்கினேன். கீழிருந்த இரும்பு ஒருபுறமாகத் தேய்ந்திருந்தது. ஸ்ரியரிங் வளையத்தின் உறையை விலக்கினால் அடியிலே கண்ணாடிபோல் வழவழப்பு. சாரதி ஆசனம் இடப்பக்கத்தைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. எண்ணைத் திருப்பி வைக்கலாம். ஆசனத்தைத் திருப்பி வைப்பது கடினம். இது ஒரு பக்கம் இருக்க, காரின் முன்மூடியிற் கையை வைத்தேன். காலை எட்டு மணிக்கே சூடாக இருந்தது.

"இப்போதுதான் கடைக்குப் போய் வந்தேன், ஐயா" என்றார் அவர்.

"நல்லது, நாளை விடியுமுன் வருகிறோம். நாங்கள் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம்" என்றேன். மறுநாள் தமக்கு வேறு அலுவல் இருப்பதாகச் சொன்னார். அடுத்த நாளும் அவ்வாறே. அந்தக் காரைப் பற்றி இதற்குமேல் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை.

டீசல் எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே முதன்முதல் காணவேண்டும். சூடேறிய எஞ்சின் எதையும் மறைக்கும். தேய்ந்த எஞ்சினில் அமுக்கம் குறைவு. ஆகவே காற்றுப் போதிய சூடடையாது. குளிரில் இயங்க மறுக்கும். சற்று ஓடிச் சூடாகிவிட்டால் நல்லதும் கெட்டதும் ஒரே குரலிற் பேசும்.

இரண்டாவது கார் தம்பலகாமத்தில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவருடையது. ரொயோட்டா கொரோலா, சீ.ஈ. 100 என்ற இனம். 2சீ என்னும் 1974 கன சென்றிமீற்றர் எஞ்சின். தூரங்காட்டி 312,000 என்றது. நிறம் மங்கி, முன்பக்கம் கீறுண்டு, பார்வைக்கு ஏழையாய் நின்றது. நாங்கள் போனபோது கோழி கூவவில்லை. முன்மூடி பனியில் நனைந்து குளிர்ந்திருந்தது. முதலில் ரேடியேற்றர் மூடியைத் திறந்தேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே இதைச் செய்யவேண்டும். சூட்டில் திறந்து முகம் வெந்தவர்களை அறிவேன். நீர் துருநிறமாக இல்லை. மேலே எண்ணெய்ப் படலம் இல்லை. பிறகு ஒயிற் கம்பியை உருவிப் பார்த்தேன். டீசல் எஞ்சினின் ஒயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கறுப்பைக் கண்டு பின்வாங்குவது பேதைமை. தயிர்போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. அப்போது திரும்பிப் பாராமல் வந்துவிட வேண்டும். இந்த இன எஞ்சின் அதிசூடேறினால் அதன் தலைப்பாகம் வெடிப்பது மெக்கானிக்குகள் யாவரும் அறிந்த விஷயம். ஆகவே நீரைப் பார்ப்பதிற் கஞ்சத்தனம் கூடாது.

திறப்பைத் திருப்பியதும் குளோ பிளக் விளக்கு எரிந்தது. அது அணையும்வரை பொறுத்தோம். இரண்டாம் சுற்றில் எஞ்சின் பற்றிக்கொண்டது. வெண்புகை எழுந்து, ஒரு நிமிடத்துக்குள் மறைந்தது. இங்கே புகையின் நிறங்களைச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் சிறிது வெண்புகை இயல்பு. சூடான பின்னும் நில்லாமல் வந்தால் எரியாத டீசல் வெளியேறுகிறது, அல்லது வெடிப்பு வழியே நீர் உட்புகுகிறது. கரும்புகை, காற்றுக் குறைவையோ எரிபொருள் மிகையையோ காட்டும். காற்று வடியை மாற்றியதும் அது நீங்கக்கூடும். தெளிகருவிகளும் பம்பும் காரணமாயின் செலவு பெருகும். நீலப்புகை எஞ்சின் தன் ஒயிலையே குடிப்பதைக் காட்டும். அக்கார் மலிவாகக் கிடைத்தாலும் விலை கூடியதே.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின் மேல் தலைகீழாக வைத்தேன். அது சற்றே நடுங்கியது; தூக்கி எறியப்படவில்லை. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அவ்வழியே புகை குபுகுபு என்று புகைவண்டிபோலக் கக்கும். மூன்று இலட்சம் ஓடிய எஞ்சினுக்கு இந்த நடுக்கம் மன்னிக்கத்தக்கது. "வளையம் நல்லம்" என்றேன். பையன் அப்போதே பணத்தை எடுக்கத் தொடங்கினான். "பொறு, தம்பி" என்று சொல்லி, சாக்கொன்றை விரித்துக் காரின் அடியிற் படுத்தேன்.

நமது மாவட்டத்தில் எஞ்சினைப் பார்ப்பது பாதி வேலைகூட அன்று. 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், வாகனங்கள் பாதையிலே ஏறித்தான் துறை கடந்தன. மட்டக்களப்பு வீதியில் பிரயாணஞ் செய்த மூத்த மாணவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை துறைகளிற் காத்துக்கிடந்தனர் என்பதை அறிவர். ஏறும்போதும் இறங்கும்போதும் உப்புநீர் அடித்தகட்டை நனைக்கும். அதைக் கழுவாமல் வீடு சேர்ந்த வாகனங்கள் உள்ளிருந்தே தின்னப்பட்டன. எஞ்சின் இன்னும் இரண்டு இலட்சம் ஓடும். அதைத் தாங்கும் சட்டமோ கைவிரலுக்கே இடங்கொடுக்கும்.

ஸ்குரூ ட்றைவர் ஒன்றால் அடித்தகட்டை அடி அடியாகத் தட்டிச் சென்றேன். நல்ல இரும்பு கணீரென்னும், உளுத்தது தொப்பென்னும். கதவடிப் பெட்டிகள் நலமே. பின்னாசனத்தின் இடப்பக்கம் வந்ததும் ஓசை மாறியது. உள்ளே கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தோம். யாரோ தகரத் துண்டை ஒட்டி, மேலே தார் பூசியிருந்தனர். சரியாகச் சிறு பிள்ளையின் கால் படும் இடம். பின் சில்லுகளுக்குப் போகும் பிறேக் குழாயும் துருவேறி, நகத்தாற் சுரண்டினால் செதில் செதிலாக உரிந்தது. பிறேக் எண்ணெய்க் கிண்ணம் நிறைந்திருந்தது. மிதியும் உறுதியாகவே இருந்தது. இக்குழாய் இன்றைக்கு வெடிக்காது. நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேகமாய்ப் போகையில் ஒருநாள் வெடிக்கும். பையனைக் கூப்பிட்டு, அவன் கையாலேயே தொட்டுப் பார்க்கச் செய்தேன். அவன் முகம் வாடிற்று.

வாடவேண்டியதில்லை. பிறேக் குழாயை மாற்றலாம். தகட்டை வெட்டி நல்ல இரும்பு வைத்து ஒட்டலாம். முன்பக்க அதிர்ச்சித் தாங்கிகள் பொருந்தும் மேற்கூடும், முதுகெலும்பான சட்டங்களும் உளுத்திருந்தால் மட்டுமே அக்காரை எவரும் வாங்கலாகாது. அவை இங்கே நன்றாயிருந்தன. ஆனால் வேலை முடியும்வரை பிள்ளை ஒன்றையும் ஏற்றக்கூடாது என்றேன்.

நீரில் மூழ்கிய வாகனத்தைப் பற்றியும் ஒரு சொல். 2004 சுனாமிக்குப் பின்னர் கழுவித் துடைத்து விற்கப்பட்ட வாகனங்களைப் பார்த்திருக்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த வெள்ளத்தின் பின் இவ்வெச்சரிக்கை மீண்டும் வேண்டியதாயிற்று. ஆசனத்தைத் தாங்கும் தண்டவாளங்களின் இடுக்கிலும், முன்விளக்குக் கண்ணாடியின் உள்ளேயும், உதிரிச் சில்லின் குழியிலும் வண்டல் இருக்கிறதா என்று பார்க்க. மின்கம்பிப் பொருத்துகளைக் கழற்றினால் பச்சைப் பூஞ்சணம் போன்ற செம்புக்களிம்பு தோன்றும். ஓடும் டீசல் எஞ்சின் நீரை உறிஞ்சிவிட்டால், நீர் அமுங்காது. எஞ்சினின் தண்டுகளே வளையும்.

விடிந்ததும் காரை ஓட்டிப் பார்த்தோம். தம்பலகாமத்து வயல்வழி சமதரை. அங்கே எந்தக் காரும் நன்றாகவே ஓடும். ஆதலால் சீனக்குடா வழியாக நகருக்குள் புகுந்து, உவர்மலை ஏற்றத்துக்கு வந்தேன். மூன்றாங் கியரில் ஏற்றி, நடுவழியில் முழுதாக அழுத்தினேன். எஞ்சின் இரைந்தும் கார் விரையாவிட்டால் கிளச் தேய்ந்திருக்கிறது என்பது பொருள். கார் ஏறியது, முனகிக்கொண்டே. வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டவில்லை. மேலே நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் கால்மணி நேரம் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், முள் அசையவில்லை. இந்தக் கால்மணி நேரத்தை எவரும் மிச்சம் பிடிக்கக்கூடாது.

எரிபொருளிலும் வஞ்சனை உண்டு. நமது நாட்டில் மண்ணெண்ணெய் நெடுங்காலம் டீசலைவிட மலிவாக விற்றமையால், கலந்து ஓட்டியவர் பலர். வடக்கில் 1990-களில் தடைக் காலத்தில் பெற்றோற் கார்களே மண்ணெண்ணெயில் ஓடின, அது தேவை. டீசற் பம்புக்கோ டீசலே மசகு. மண்ணெண்ணெய் அதை வறட்டித் தேய்த்துவிடும். பம்பின் ஓரங்களில் ஈரம் உண்டா, எஞ்சின் சூடான பின் அணைத்து மறுபடி இயக்கினால் உடனே பற்றுகிறதா என்று பார்க்கவேண்டும். தேய்ந்த பம்பு சூட்டிலேதான் தன் குணத்தைக் காட்டும்.

அண்மைக்காலத்து டீசல் கார்களை வாங்க நினைக்கும் இளைஞருக்கு நான் கூறுவது சுருக்கமானது. அவற்றின் பம்பும் தெளிகருவிகளும் மிக உயர்ந்த அழுத்தத்தில் கணினியின் ஆணைப்படி இயங்குவன. அவற்றைச் செப்பஞ் செய்ய மரநிழற் கராஜ் போதாது. புகைக்கரியைப் பிடிக்கும் வடி குறுந்தூர ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். கணினிச் சோதனை செய்யாமல் அத்தகைய காருக்கு முற்பணங் கொடாதிருப்பது நலம்.

பத்திர விஷயத்தில் தம்பலகாமத்துப் பெரியவர் எங்களுக்கு வேலை வைக்கவில்லை. பதிவுச் சான்றிதழ் அவர் பெயரிலேயே இருந்தது; அதிற் கண்ட எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் காரில் உள்ளவற்றோடு ஒத்தன; நிதிக் கம்பனி எதற்கும் கடன் இல்லை. எல்லாரிடமும் இவ்வாறு அமையாது. முன்னைய உரிமையாளர் கையொப்பமிட்டுத் திகதியிடாமல் விட்ட மாற்றப் பத்திரத்தோடு மூவர் நால்வர் கைமாறிய வாகனங்கள் நாட்டில் ஏராளம். அப்பத்திரத்தில் ஒப்பமிட்டவர் இறந்துபோயிருந்தால் வாங்கியவர் நீதிமன்ற வாசலில் நிற்கவும் நேரும். புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் சிலர் பெருமையோடு நீட்டுவர். அது வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கு உதவும். எஞ்சினின் ஆயுளுக்கு அது பிணை நில்லாது.

பெரியவர் கடைசியாக ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். பத்தொன்பது ஆண்டுகளில் ஒயில் மாற்றிய ஒவ்வொரு நாளும், அப்போதைய கிலோமீற்றரும், பற்றரி வாங்கிய திகதியும் அவருடைய கையெழுத்தில் இருந்தன. டைமிங் பெல்ட் மாற்றியதாகக் கண்ட கடைசிக் குறிப்பு 209,000. அந்தப் பெல்ட் ஒரு இலட்சத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. இந்த எஞ்சினில் டீசற் பம்பையும் அதுவே சுழற்றுகிறது. அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதும். மூவாயிரம் கிலோமீற்றர் அளவுமீறி ஓடியிருந்தது. தகடு, பிறேக் குழாய், பெல்ட் மூன்றையும் காட்டி விலை பேசினோம். பெரியவர் வாதாடவில்லை. "பிள்ளைகளை ஏற்றவா வாங்குகிறீர்கள்?" என்று கேட்டு, நான் கேட்டதற்கும் சற்றுக் கூடவே குறைத்தார்.

கிண்ணியாக் கராஜில் வேலை முடிய ஒன்பது நாள் சென்றது. அந்த ஒன்பது நாளும் என் நண்பர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அங்கே போய் ஒட்டுவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பின்னர் அவ்வாண்டு நடுப்பகுதியில் நாடெங்கும் எரிபொருள் வரிசை நீண்டபோது, பையன் இரவிரவாக அந்தக் காருக்குள்ளேயே படுத்திருந்து டீசல் பெற்றான். கொப்பியை அவனே தொடர்ந்து எழுதி வருகிறான். சென்ற மாதம் பார்த்தேன்: 371,000 என்றிருந்தது. அதன் கீழே, அடுத்த பெல்ட் 412,000 என்று சிவப்பு மையில் கோடிட்டிருந்தான்.